உங்கள் இலச்சினை கோடா, புள்ளியா? - சேர்வரில் படம் உருவாகும் விதம்

ஒரு கடைக்குப் பெயர்ப்பலகை, பில் புத்தகம், விசிட்டிங் கார்ட் ஆகிய மூன்றும் இருந்தால் போதும் என்றிருந்த காலம் போய்விட்டது. இன்று அதே கடையின் இலச்சினை முகப்பில் பத்து அடி அகலத்திலும், பொலித்தீன் பையில் கையகல அளவிலும், இணையத்தளத்தின் மூலையில் நகக்கண் அளவிலும், வாடிக்கையாளருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பும் விலைப் படத்திலும் வர வேண்டியிருக்கின்றது. ஓரிடத்தில் அழகாகத் தெரிவது இன்னோரிடத்தில் மங்கலாகத் தெரிகின்றது. சில இடங்களில் கறுப்புப் பெட்டிக்குள் சிக்கியது போலவும், சில இடங்களில் எழுத்தெல்லாம் குழம்பியும் வருகின்றது. டிசைனர் அச்சகத்தைக் குறை சொல்கிறார். அச்சகம் இணையத்தளம் செய்தவரைக் குறை சொல்கின்றது. பணம் கொடுத்த முதலாளி நடுவில் நிற்கிறார்.

இக்குழப்பத்தின் வேர் ஒன்றுதான். கணினியில் படங்கள் இரண்டு விதமாக வைக்கப்படுகின்றன. ஒரு விதத்திலிருந்து மற்ற விதத்துக்கு மாற்றும்போதுதான் பெரும்பாலான கோளாறுகள் நேர்கின்றன. இந்த மாற்றும் வேலை இப்போது பல இடங்களில் மனிதர் கையால் அல்லாமல், இணையத்தளம் தங்கியிருக்கும் சேர்வரிலேயே தானாக நடைபெறுகின்றது. இது கணினிக்காரர்களின் விஷயம், நமக்கெதற்கு என்று சிலர் நினைக்கலாம். தராசைச் செய்யத் தெரியாவிட்டாலும் தராசைப் பார்க்கத் தெரியாதவன் வியாபாரம் செய்ய முடியாது. அதே அளவு விளக்கம் இதிலும் நமக்கு வேண்டும்.

அளவுத் தாளும் தைத்த சட்டையும்

துணி வியாபாரிகளுக்கு விளங்கும் உதாரணமொன்றைச் சொல்கிறேன். தையல்காரரிடம் சட்டைக்கான அளவுத் தாள் இருக்கின்றது. அதை வைத்துக்கொண்டு சிறுவனுக்கும் தைக்கலாம், பெரியவருக்கும் தைக்கலாம். கணக்கைக் கூட்டிக் குறைத்தால் போதும். ஆனால் சிறுவனுக்குத் தைத்து முடித்த சட்டையை இழுத்துப் பெரியவருக்குப் போட்டால் கிழியும்.

கணினிப் படங்களிலும் இதே கதைதான். வெக்டர் என்பது அளவுத் தாள். அதற்குள் படம் என்று எதுவும் இருப்பதில்லை. இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்கு ஒரு வளைகோடு, அதற்குள் பச்சை நிறம், அதன்மேல் ஒரு வட்டம் என்று வரைவதற்கான கட்டளைகள்தான் இருக்கும். எந்த அளவில் வரையச் சொன்னாலும் கணக்குப் பார்த்துப் புதிதாக வரையும். கோரல் ட்ரோ, அடோபி இலஸ்ட்ரேட்டர், இன்க்ஸ்கேப் போன்ற மென்பொருள்களில் செய்யப்படும் இலச்சினைகள் இவ்வகையைச் சேர்ந்தவை. சிடிஆர், ஏஐ, ஈபிஎஸ், எஸ்விஜி என்று முடியும் கோப்புகள் பெரும்பாலும் இவைதான். பிடிஎப் கோப்பு இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். உள்ளே கோடும் இருக்கலாம், வெறும் ஸ்கேன் படமும் இருக்கலாம்.

ராஸ்டர் என்பது தைத்து முடித்த சட்டை. கட்டம் போட்ட கொப்பித் தாளில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம் பூசியது போன்றது. அந்தக் கட்டத்துக்குத்தான் பிக்சல் என்று பெயர். ஜேபெக், பிஎன்ஜி, வெப்பி ஆகிய கோப்புகளும், போனில் எடுக்கும் போட்டோக்களும் இவ்வகையே. இதில் எத்தனை கட்டங்கள் இருக்கின்றனவோ அத்தனைதான். பெருப்பித்தால் புதிய விபரம் எங்கிருந்தும் வராது, கட்டங்கள்தான் பெரிதாகும்.

கணக்கைப் பாருங்கள். 300 பிக்சல் அகலமுள்ள ஜேபெக் இலச்சினையொன்றைப் பத்து அடி, அதாவது 120 அங்குலப் பலகைக்குக் கொடுத்தால் ஒவ்வொரு பிக்சலும் 0.4 அங்குலமாகும். கிட்டத்தட்ட 1 சென்ரிமீற்றர் சதுரம். வீதிக்கு அப்பால் நின்று பார்ப்பவருக்கும் படிக்கட்டுப் போல ஓரங்கள் தெரியும். இதற்கு அச்சகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

அப்படியானால் ஏன் மாற்ற வேண்டும்?

வெக்டர் இவ்வளவு நல்லதென்றால் எல்லா இடத்திலும் அதையே பாவிக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இணையத்துக்கென்று உருவான வெக்டர் வடிவம் எஸ்விஜி. உலகளாவிய வலைத் தர அமைப்பான டபிள்யூ3சி இதை 2001 இல் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆனால் அக்காலத்தில் பெரும்பாலானோர் பாவித்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் அதைக் காட்டத் தொடங்கியது 2011 இல் வெளிவந்த 9 ஆம் பதிப்பில்தான். இன்று எல்லா பிரவுசர்களும் எஸ்விஜியைக் காட்டுகின்றன. எனவே இணையத்தளத்தின் மூலையில் நிற்கும் இலச்சினைக்கு எஸ்விஜி கோப்பையே நேரடியாகப் போடலாம், போடவும் வேண்டும்.

பிரச்சினை பிரவுசருக்கு வெளியேதான். உங்கள் கடையின் இணைப்பை ஒருவர் பேஸ்புக்கில் போட்டால் கீழே வரும் முன்னோட்டப் படம் எஸ்விஜியாக இருந்தால் அங்கே வராது. ஜிமெயிலில் அனுப்பும் பில்லின் தலைப்பில் எஸ்விஜி இலச்சினை வைத்தால் வாடிக்கையாளருக்கு வெற்றிடம்தான் தெரியும். வட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக விரியாமல் ஏதோ ஒரு கோப்பாகப் போய்ச் சேரும். இணையச் சந்தைகளில் பொருள் படம் ஏற்றும் இடத்தில் ஜேபெக் அல்லது பிஎன்ஜி என்றுதான் கேட்பார்கள். சட்டையின் அளவுத் தாளை வாடிக்கையாளரிடம் கொடுக்க முடியாது. தைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

ஒரு படம், இரண்டு படம் என்றால் டிசைனரே மாற்றித் தந்துவிடுவார். 400 சாமான் வைத்திருக்கும் ஹார்ட்வெயார் கடையை யோசித்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழியில் விலைப் படம். ஒவ்வொரு மொழியிலும் இணையத்தளத்துக்கு ஓர் அளவு, பேஸ்புக்குக்கு ஓர் அளவு, கடைக்குள் ஒட்டும் துண்டுக்கு ஓர் அளவு. மொத்தம் 3,600 படங்கள். விலை மாறினால் மறுபடியும் அத்தனையும். 2022 மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே மாதமாகும்போது 360 ரூபா வரை ஏறியது. அந்த வாரங்களில் விலைத் துண்டு எழுதியவர்களுக்கு இந்தக் கணக்கின் பாரம் தெரியும். இத்தகைய வேலையைத்தான் சேர்வரிடம் ஒப்படைக்கிறார்கள்.

சேர்வரில் நடப்பது என்ன?

எஸ்விஜி கோப்பைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது சாதாரண எழுத்துதான். ஆகவே டிசைனர் ஒரேயொரு அச்சுப் படத்தைச் செய்து, பொருளின் பெயர் வரும் இடத்தையும் விலை வரும் இடத்தையும் அடையாளமிட்டு வைத்துவிடுகிறார். யாராவது ஒரு பொருளின் பக்கத்தைத் திறந்தால், சேர்வரில் உள்ள புரோகிராம் ஸ்டொக் பட்டியலிலிருந்து பெயரையும் விலையையும் எடுத்து அந்த இடங்களில் நிரப்புகின்றது. பின்னர் அதை வரையும் மென்பொருளிடம் கொடுக்கின்றது. அந்த மென்பொருள் கோடுகளைக் கணக்கிட்டுக் கட்டங்களாக்கி பிஎன்ஜி கோப்பாகத் தருகின்றது. அக்கோப்பு சேர்வரில் சேமிக்கப்பட்டு வாடிக்கையாளருக்கும் அனுப்பப்படுகின்றது. அடுத்தவர் கேட்கும்போது மறுபடி வரையாமல் சேமித்ததையே கொடுக்கின்றது.

வரையும் மென்பொருள்களில் பல இலவசமாகவே கிடைக்கின்றன. லிப்ஆர்எஸ்விஜி என்பது லினக்ஸ் சேர்வர்களில் பரவலாக உள்ளது, வேகமானது. இன்க்ஸ்கேப்பைத் திரையில்லாமல் கட்டளை மூலமும் ஓட்டலாம். டிசைனர் பார்த்தது போலவே வரும், ஆனால் பாரமானது. ஜாவாவில் ஓடும் தளங்களுக்கு பட்டிக், பைத்தன் மொழிக்குக் கெய்ரோஎஸ்விஜி என்பன உண்டு. ஈபிஎஸ், பிடிஎப் கோப்புகளைப் புள்ளிகளாக்க கோஸ்ட்ஸ்கிரிப்ட் பாவிக்கப்படுகின்றது.

பெரும்பாலானோர் கேள்விப்பட்டது இமேஜ்மெஜிக். இதில் ஒரு நுணுக்கம் இருக்கின்றது. இமேஜ்மெஜிக் எஸ்விஜியைத் தானே வரைவது குறைவு. சேர்வரில் இன்க்ஸ்கேப்போ லிப்ஆர்எஸ்விஜியோ இணைக்கப்பட்டிருந்தால் அவற்றிடம் வேலையைக் கொடுத்துவிடும். இரண்டும் இல்லாவிட்டால் தன்னிடமுள்ள சிறிய வரைகருவியால் வரையும். அது நிழல், படிப்படியாக மாறும் நிறம், எழுத்து முதலியவற்றில் தடுமாறும். டிசைனரின் கணினியில் சரியாக வந்த அதே கட்டளை, சேர்வரில் வேறு விதமாக வருவதற்கு இது ஒரு முக்கிய காரணம். இன்னொன்று, பிஎச்பி தளங்களில் சாதாரணமாகக் கிடைக்கும் ஜிடி என்ற படக் கருவிக்கு எஸ்விஜியை வாசிக்கவே தெரியாது. மலிவான சேர்வர் வாடகைப் பொதிகளில் சில இடங்களில் அது மாத்திரமே இருக்கும். வாடகை ஒப்பந்தம் செய்யுமுன் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அளவும் அடர்த்தியும்

மங்கலான படங்களுக்குப் பெரும்பாலான காரணம் மாற்றும் வரிசையைப் பிழையாக வைப்பதுதான். முதலில் வெக்டரைச் சிறிய அளவில் புள்ளிகளாக்கிவிட்டு, பிறகு அதைப் பெருப்பிக்கிறார்கள். வரையும்போதே தேவையான அளவில் வரையச் சொல்ல வேண்டும். இமேஜ்மெஜிக்கில் அடர்த்தி பற்றிய கட்டளையைக் கோப்பின் பெயருக்கு முன்னால் கொடுத்தால்தான் அது வரைவதைப் பாதிக்கும். பின்னால் கொடுத்தால் படம் ஏற்கெனவே வரையப்பட்டுவிட்டிருக்கும். இந்த ஒரு சொல் இடம் மாறியதால் எத்தனையோ தளங்களில் இலச்சினைகள் மங்கித் தெரிகின்றன.

அதற்காக எல்லாவற்றையும் பெரிதாகவே வரையச் சொல்வதும் நட்டம். ஏ4 தாளை அச்சுத் தரமான அங்குலத்துக்கு 300 புள்ளி அளவில் வரைந்தால் 2480 க்கு 3508 பிக்சல், அதாவது சுமார் 87 இலட்சம் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் 4 பைட் என்று வைத்தால், வரையும் நேரத்தில் அந்த ஒரு படத்துக்கே ஏறக்குறைய 35 மெகாபைட் ஞாபக இடம் பிடிக்கும். அதையே 72 புள்ளி அடர்த்தியில் வரைந்தால் 5 இலட்சம் கட்டங்கள்தான், பதினேழில் ஒரு பங்கு. பெருநாள் சீசனில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கேட்டால் சிறிய சேர்வர் மூச்சுத் திணறும். தளம் விழுந்தால் விற்பனையும் விழும். எனவே ஒவ்வொரு தேவைக்கும் அளவை முன்கூட்டியே தீர்மானித்து வைக்க வேண்டும். பேஸ்புக் முன்னோட்டத்துக்கு 1200 க்கு 630 பிக்சல் போதும். தளத்தில் 200 பிக்சல் அகலத்தில் தெரியும் படத்துக்கு, இக்காலப் போன் திரைகளைக் கருதி 400 பிக்சலில் வரைந்தால் தெளிவாக இருக்கும்.

பழைய கோப்புகள் வைத்திருப்போருக்கு இன்னொரு விஷயம். இன்க்ஸ்கேப் 2017 இல் வெளிவந்த 0.92 பதிப்பில் ஓர் அங்குலத்துக்கு 90 பிக்சல் என்றிருந்த கணக்கை 96 ஆக மாற்றியது. அதற்கு முன் வரைந்த லேபல் கோப்பைப் புதிய பதிப்பில் திறக்கும்போது அளவு சற்றுச் சுருங்கக்கூடும். போத்தலில் ஒட்டும் லேபல் செய்பவர்கள் அடிமட்டம் வைத்து ஒருமுறை அளந்து பார்ப்பது நன்று.

கோப்பு வகையையும் கவனிக்க வேண்டும். போட்டோவுக்கு ஜேபெக் பொருத்தம். இலச்சினைக்கும் எழுத்துக்கும் அது பொருந்தாது. ஓரங்களில் அழுக்குப் படிந்தது போன்ற புள்ளிகள் வரும். பின்னணி தெரியும்படி விடும் வசதியும் அதில் இல்லை. பின்னணியில்லாத இலச்சினையை நேரே ஜேபெக்காக மாற்றும்போது பல தடவைகளில் பின்னணி கறுப்பாகிவிடுவது இதனால்தான். முதலில் வெள்ளைப் பின்னணியில் வைத்து மாற்றச் சொல்ல வேண்டும், அல்லது பிஎன்ஜியாக எடுக்க வேண்டும். அச்சகத்துக்கு மட்டும் இவற்றில் எதையும் அனுப்பக் கூடாது. அச்சு மை நான்கு நிறக் கணக்கில் ஓடுகின்றது, திரை மூன்று நிற ஒளியில் ஓடுகின்றது. அச்சகத்துக்கு மூல வெக்டர் பிடிஎப் போகட்டும்.

எழுத்தில்தான் அதிக இழப்பு

நமது நாட்டில் இந்த வேலை செய்பவர்கள் அதிகம் இடறுவது எழுத்திலேயே. புறக்கோட்டை வியாபாரியொருவருக்கும் அவருடைய தளத்தைச் செய்த இளைஞருக்கும் நடந்த பேச்சு இப்படித்தான் இருந்தது.

"தம்பி, கடைக் கொம்பியூட்டரில தமிழ் வடிவாத் தெரியுது. சைட்டில மட்டும் ஏன் ஏபிசிடியாக் கிடக்குது?"

"நானா, உங்கட கொம்பியூட்டரில பாமினி இருக்கு. சேர்வரில பாமினி இல்ல."

விஷயம் அவ்வளவுதான். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்யப்பட்டவை. கோப்புக்குள் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துத்தான், எழுத்துரு அதற்குத் தமிழ் உடுப்பைப் போட்டுக் காட்டுகின்றது. உடுப்பு இல்லாத சேர்வரில் உள்ளே இருப்பது வெளியே தெரிகின்றது. சிங்களத்தில் எப்எம் அபய பாவிப்போருக்கும் இதே கதி.

யுனிகோட் எழுத்துருவில் தட்டச்சு செய்தால் இந்தப் பிரச்சினை தீரும். ஆனால் இன்னொன்று முளைக்கும். தமிழில் 'கொ' என்று எழுதும்போது கொம்பு எழுத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும். இதைச் சரியாக அடுக்குவதற்குத் தனியான ஒரு பகுதி மென்பொருளில் இருக்க வேண்டும். லிப்ஆர்எஸ்விஜியில் பாங்கோ, ஹார்ப்பஸ் என்ற பகுதிகள் இதைச் செய்கின்றன. அது இல்லாத கருவியில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறும். 'கொத்தமல்லி' என்ற பெயரே வாசிக்க முடியாமல் போனால், பொதியைப் பார்ப்பவர் சேர்வரை நினைக்கமாட்டார். இந்தக் கடைக்காரருக்குத் தமிழே தெரியாதோ என்றுதான் நினைப்பார்.

இதற்கு வழி இரண்டு. கடையின் பெயர் போல என்றும் மாறாத எழுத்தை, கோப்பை ஒப்படைக்குமுன் கோடுகளாக மாற்றிவிட வேண்டும். கோரல் ட்ரோவில் இதைக் கேர்வாக மாற்றுவது என்பார்கள், இலஸ்ட்ரேட்டரிலும் இன்க்ஸ்கேப்பிலும் இதே வசதி உண்டு. அதன்பின் எழுத்துரு தேவையில்லை, பாமினியில் இருந்தாலும் பாதகமில்லை. பொருளின் பெயர் போல மாறும் எழுத்துக்கு யுனிகோட் எழுத்துருவைச் சேர்வரிலேயே நிறுவ வேண்டும். நோட்டோ வரிசையில் தமிழும் சிங்களமும் இலவச உரிமத்தில் கிடைக்கின்றன. விண்டோஸுடன் வரும் லதா, இஸ்கோல பொத்த ஆகியவற்றைப் பிரதியெடுத்துச் சேர்வரில் போடுவது உரிமத்துக்கு மாறானது.

பார்கோட் வைப்பவர்களுக்கு

சுப்பர் மார்க்கெட்டுகளுக்குச் சாமான் கொடுப்பவர்கள் இப்பகுதியை ஊன்றி வாசிக்கவும். 13 இலக்க பார்கோட்டின் மிக மெல்லிய கோடு சாதாரண அளவில் 0.33 மில்லிமீற்றர். இருபக்க வெற்றிடத்தையும் சேர்த்து மொத்த அகலம் 37.29 மில்லிமீற்றர். இதை 80 வீதம் முதல் 200 வீதம் வரை சிறுப்பிக்கவோ பெருப்பிக்கவோ அனுமதி உண்டு.

லேபல் அடிக்கும் தேர்மல் பிரின்டர்களில் பெரும்பாலானவை அங்குலத்துக்கு 203 புள்ளி. ஒரு புள்ளி 0.125 மில்லிமீற்றர். 0.33 ஐ இதனால் வகுத்தால் 2.64 புள்ளி வருகின்றது. பிரின்டரால் 2.64 புள்ளி அடிக்க முடியாது. சில கோடுகளை 2 ஆகவும் சிலவற்றை 3 ஆகவும் அடிக்கும். அல்லது வரையும் மென்பொருள் ஓரங்களில் சாம்பல் நிறம் பூசிச் சமாளிக்கும். திரையில் அது அழகு. தேர்மல் பிரின்டருக்குச் சாம்பல் நிறம் தெரியாது. கோடுகள் கோணலாகி, கவுண்டரில் ஸ்கேனர் வாசிக்காமல் விடும். சாமான் திரும்பி வரும்.

தீர்வு எளிது. மெல்லிய கோட்டை முழுதாக 3 புள்ளியாக வைக்கச் சொல்லுங்கள். அப்போது அது 0.375 மில்லிமீற்றர், பார்கோட்டின் அகலம் சுமார் 42.4 மில்லிமீற்றர். லேபலில் அந்த அளவு இடம் விட வேண்டும். 2 புள்ளியாகக் குறைத்தால் அனுமதிக்கப்பட்ட 80 வீதத்துக்கும் கீழே போய்விடும். 300 புள்ளிப் பிரின்டர் என்றால் 4 புள்ளி வைக்கலாம், கிட்டத்தட்ட சாதாரண அளவே வரும். ஓரத்தை மென்மையாக்கும் வசதியை பார்கோட்டுக்கு மட்டும் நிறுத்திவிட வேண்டும். முடிந்த படத்தை வேர்டில் வைத்து இழுத்துப் பொருத்துவது கூடவே கூடாது.

பூட்டில்லாத கதவு

அச்சகம், ரீசேர்ட் பிரின்டிங், கேக்கில் படம் அடித்தல் போன்ற தொழில் செய்பவர்கள், வாடிக்கையாளர் தமது படத்தைத் தளத்தில் ஏற்றும் வசதி வைக்கிறார்கள். இங்கே அவதானம் தேவை. ஜேபெக் வெறும் நிறக் கட்டங்கள். எஸ்விஜி கட்டளைகள் அடங்கிய எழுத்து. தீய எண்ணமுள்ளவர் அதற்குள், சேர்வரிலுள்ள இன்ன கோப்பைத் திறந்து இங்கே காட்டு என்று எழுதிவிடலாம். ஒரு வரி அடுத்த வரியைப் பத்து மடங்கு பெருக்கும்படி எழுதிச் சேர்வரின் ஞாபக இடம் முழுவதையும் நிரப்பிவிடலாம்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2016 மே மாதத்தில் இமேஜ்மெஜிக்கில் கண்டுபிடிக்கப்பட்ட, இமேஜ்ட்ரெஜிக் என்று பெயர் சூட்டப்பட்ட ஓட்டையின் மூலம், படம் போல வேடமிட்ட கோப்பொன்றை ஏற்றிச் சேர்வரில் விரும்பிய கட்டளையை ஓடவைக்க முடிந்தது. கோப்பின் பெயர் ஜேபிஜி என்று முடிந்தாலும் உள்ளே வேறு சரக்கு இருந்தது. 2018 இல் கோஸ்ட்ஸ்கிரிப்டில் பாரதூரமான ஓட்டைகள் வெளிவந்தன. அதன்பின் உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்புகள் இமேஜ்மெஜிக்கில் ஈபிஎஸ், பிடிஎப் மாற்றுவதைத் தாமாகவே தடுத்து வைத்தன. 'அனுமதி இல்லை' என்ற பிழைச் செய்தி சிலருக்கு வருவது அதனால்தான். அவசரத்துக்கு அத்தடையை அப்படியே நீக்கிவிடும் வேலைக்காரர்களும் உண்டு. அது பூட்டு இறுக்கமாக இருக்கின்றதென்று கதவைக் கழற்றி வைப்பதற்குச் சமம்.

வெளியார் தரும் கோப்பை மாற்றும் வேலை, ஸ்டொக் கணக்கும் வாடிக்கையாளர் விபரமும் உள்ள சேர்வரிலிருந்து பிரிக்கப்பட்ட இடத்தில் நடக்க வேண்டும். அதற்கு நேர எல்லையும், ஞாபக இட எல்லையும், அளவு எல்லையும் விதிக்க வேண்டும். இணையத் தொடர்பைத் துண்டித்து வைக்க வேண்டும். மென்பொருளைக் காலத்துக்குக் காலம் புதுப்பிக்க வேண்டும். வாடிக்கையாளர் தரும் கோப்பின் பெயரை அப்படியே கட்டளைக்குள் சேர்க்காமல், சேர்வரே புதுப் பெயர் வைக்க வேண்டும். எஸ்விஜியே தேவையில்லாத தொழிலென்றால் அதை ஏற்காமலே விடுவது இன்னும் மேல்.

பழைய விலையில் சுற்றும் படம்

சேமித்து வைத்துக் கொடுப்பது வேகத்துக்கு நல்லது. ஆனால் விலை மாறியபின்னும் சேர்வர் பழைய படத்தையே கொடுத்துக்கொண்டிருந்தால் கவுண்டரில் வாக்குவாதம் நிச்சயம். சேர்வரில் மாற்றினாலும் வாடிக்கையாளரின் பிரவுசரும், பேஸ்புக்கும் தம்மிடம் சேமித்த பழைய படத்தைச் சில காலம் காட்டும். இதற்குப் படத்தின் பெயரிலேயே விலையோ திருத்த எண்ணோ சேரும்படி செய்ய வேண்டும். விலை மாறினால் பெயர் மாறும், பெயர் மாறினால் அது புதுப் படம் என்று எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். வட்ஸ்அப்பில் ஏற்கெனவே அனுப்பிய படத்தை யாராலும் மாற்ற முடியாது. ஆகவே விலைப் படம் ஒவ்வொன்றிலும் திகதியும், எதுவரை செல்லுபடியாகும் என்பதும் தானாக விழும்படி அச்சுப் படத்தில் இடம் வைத்துவிடுங்கள். இரண்டு வரிச் செலவு, பெரிய தலையிடி மிச்சம்.

எல்லோருக்கும் இது தேவையா?

தேவையில்லை. முப்பது நாற்பது பொருள் விற்கும், விலை அடிக்கடி மாறாத கடைக்குச் சேர்வரில் மாற்றும் ஏற்பாடு வீண் செலவு. கடைக் கணினியில் இன்க்ஸ்கேப்பை வைத்து ஒரே தடவையில் எல்லாவற்றையும் பிஎன்ஜியாக எடுத்துத் தளத்தில் ஏற்றிவிட்டால் போதும். பாதுகாப்புத் தொல்லையும் குறைவு. பொருள்கள் நூற்றுக்கணக்கில் இருந்து, விலை வாராவாரம் மாறி, மூன்று மொழியிலும் படம் வேண்டுமென்றால்தான் சேர்வர் வழி கட்டுப்படியாகும். மென்பொருள் இலவசமென்றாலும் அமைப்பவருக்கும் பராமரிப்பவருக்கும் கூலி உண்டு என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இணையத்தளமோ இலச்சினையோ செய்யக் கொடுக்குமுன் பின்வருவனவற்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

1. மூல வெக்டர் கோப்பு, எழுத்துக்கள் கோடுகளாக மாற்றிய பிரதியொன்றும் மாற்றாத பிரதியொன்றுமாக எனக்குத் தரப்படுமா?

2. சேர்வரில் எந்த மென்பொருள் படத்தை வரைகின்றது? நாம் எடுக்கும் வாடகைப் பொதியில் அது இருக்கின்றதா?

3. தமிழும் சிங்களமும் அந்தச் சேர்வரிலேயே வரைந்து காட்டப்படுமா? கொம்பும் காலும் உள்ள சொற்களைக் கொடுத்துப் பாருங்கள்.

4. விலை மாறினால் எவ்வளவு நேரத்தில் புதுப் படம் வரும்?

5. வெளியார் கோப்பு ஏற்றும் வசதி இருக்கின்றதா? இருந்தால் என்ன பாதுகாப்பு?

இவற்றுள் முதலாவதே முக்கியம். டிசைனர் வெளிநாடு போய்விடலாம், அவருடைய கணினி பழுதாகலாம், கூலியில் மனக்கசப்பு வரலாம். மூலக் கோப்பு உங்கள் கையில் இருந்தால் வேறொருவர் ஒரு மணித்தியாலத்தில் எந்த அளவிலும் படம் எடுத்துத் தருவார். ஜேபெக் மட்டும் இருந்தால் இலச்சினையை முதலிலிருந்து வரைய வேண்டும், மறுபடி பணம் கொடுக்க வேண்டும். பழைய பலகையிலிருந்த வளைவும் நிறமும் அப்படியே வரும் என்ற உத்தரவாதமும் இல்லை. கடை உறுதியையும் பதிவுப் பத்திரத்தையும் வைத்திருக்கும் அலுமாரியில், இலச்சினையின் மூலக் கோப்பு உள்ள ஒரு பென் ட்ரைவும் இருக்கட்டும். இன்னொரு பிரதியை உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.